அபார்த்தைட்: நிறவெறியா, இனவொதுக்கலா?

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு மக்களை இனவாரியாகச் சட்டம் போட்டுப் பிரித்து வைத்த முறைக்கு 'அபார்த்தைட்' என்று பெயர். அந்த நாட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது இந்தச் சொல் வரும் இடத்தில் பெரும்பாலும் 'நிறவெறி' என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

'அபார்த்தைட்' ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல், அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்த மொழி அது. முதல் பாதிக்குத் 'தனியாக' என்று பொருள், பின்பாதி நம் '-தன்மை' போன்ற விகுதி. அப்படியே மாற்றினால் 'தனித்தன்மை' என்று வரும், நமக்கு அது பாராட்டுச் சொல்! 1948 தேர்தலில் வெள்ளையர்களின் நேஷனல் கட்சி இந்தச் சொல்லையே கோஷமாக வைத்து ஆட்சிக்கு வந்தது, பின்னால் அது உலகம் முழுக்கக் கெட்ட பெயர் எடுத்ததும் 'தனித்தனி வளர்ச்சி' என்று இன்னும் இனிப்பாகப் பேசினார்கள்.

வெறி மனதில் இருப்பது, பொங்கும், அடங்கும். அபார்த்தைட் இருந்தது அரசாங்கப் பதிவேட்டில். 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதி வைத்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து முடிவு செய்ததும் நடந்திருக்கிறது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், யார் எந்தத் தெருவில் வாழலாம் என்று சொன்னது. டர்பனின் கேட்டோ மேனரில் வேரூன்றியிருந்த இந்தியக் குடும்பங்கள், அதில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகளும் உண்டு, வீட்டை விட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்குப் போக வேண்டியிருந்தது.

இதை உணரத் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ரைவ் 1986-இல் வெளியிட்ட 'பக்கிங்ஹாம் பேலஸ், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' நாவலைப் படியுங்கள். கேப் டவுனில் அவர் பிறந்த பகுதிதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், 1966-இல் அதை வெள்ளையர் பகுதியாக அறிவித்து 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். நாவலில் ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், அங்கே வாழ்பவர்களின் சண்டையும் சிரிப்பும்தான் பக்கம் பக்கமாக வருகின்றன, அந்த மனிதர்களோடு நாமும் பழகிவிட்ட பிறகுதான் அரசாங்கம் வருகிறது. சட்டப் புத்தகத்தைப் படித்தால் இழந்தது என்ன என்று தெரியாது, இதைப் படித்தால் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இனவொதுக்கல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவே பொருந்தும். ஒதுக்கல் என்றால் ஒதுக்கியவன் ஒருவன் இருந்தாக வேண்டும், 'தனித்தன்மை' மறைத்ததை இது வெளியே கொண்டுவருகிறது. 'ஒதுக்கீடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இட ஒதுக்கீட்டோடு குழம்பி நேர் எதிர்ப் பொருள் வந்துவிடும். தெருவில் ஒருவன் இன்னொருவனை நிறத்துக்காகத் திட்டினால் அதற்கு நிறவெறி என்ற சொல் சரியாகவே இருக்கிறது.