சுணைக்கு அஞ்சாத ஊசி

பொங்கலுக்கு முதல் நாள் பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் கரும்பு வாங்கித் தோளில் சாய்த்து நடந்தவர்களுக்குத் தெரியும்: சோகை என்னும் கரும்பு இலை கையைக் கீறும், அதன் நுண்மயிரான சுணை கழுத்தில் ஏறி ராத்திரி வரை அரிக்கும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்காக ஹொக்கியன் சீனர்களும் இதே கரும்பை முழுசாக வாங்குவார்கள். அவர்களுடைய முன்னோர் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பியதாக ஒரு கதை உண்டு. நம்முடைய முன்னோர் ஒளியவில்லை. பால்மரம் என்னும் ரப்பர் வருமுன், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டார்கள். சுணையை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

சோகையின் ஓரம் அரம்போல் இருப்பது சிலிக்காவால். மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பொருள்தான். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஏறிவந்து இலைத்தோலில் படிகிறது. கடித்துத் தின்னும் புழுவுக்கு அது தாடையைத் தேய்க்கும் தொல்லை. நோயைச் சுமந்து வரும் சாறுறிஞ்சிப் பூச்சியான அசுவினியோ கடிப்பதே இல்லை. அதற்கு வாய் என்பது முடியைவிட மெல்லிய ஓர் ஊசி. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளில் அதைச் செலுத்தும். வழியில் விடும் எச்சில் உறைந்து ஊசிக்கே உறையாகிவிடும்.

ஊசி தேடுவது ஃபுளோயத்தை, அதாவது இலை தயாரித்த சர்க்கரை ஓடும் குழாயை. கரும்பு இலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நரம்புகள் நெருக்கமாக நிற்பது தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சைச் செல்கள் மாலைபோல் அமைந்திருக்கும். கரும்பு இவ்வளவு சர்க்கரை சேர்ப்பதில் இந்த அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதனாலேயே எங்கே குத்தினாலும் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது! ஃபுளோயம் நரம்பின் அடிப்பாதியில் இருப்பதால், இலையின் அடியில் குடியிருக்கும் அசுவினிக்குத் தூரம் இன்னும் குறைவு.

பெரிய நரம்புகளுக்கு மட்டும் மேலும் கீழும் தோல்வரை நார்ச்செல்கள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. சின்ன நரம்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. ஆக நார், மயிர், மெழுகு, தோலின் தடிப்பு எல்லாம் சேர்ந்து செய்யக்கூடியது தாமதப்படுத்துவதுதான்.

மஞ்சள் இலை நோய்க்கு அந்தத் தாமதம் முக்கியம். நடுநரம்பின் அடிப்பக்கத்தை மஞ்சளாக்கும் அந்த வைரஸ் ஃபுளோயத்தில்தான் வாழும். கரும்பு அசுவினி அதுவரை ஊசியை இறக்கி நிதானமாகக் குடித்தால்தான் தொற்றும். பாதி வழியில் சலித்துப் போய்விட்டால் செடி தப்பியது.

அசுவினி பரப்பும் இன்னொரு வைரஸ் நோயான மொசைக்கிடம் இந்தக் கணக்கு பலிக்காது. பூச்சி மேல்தோல் செல்லில் சில வினாடி ருசி பார்த்தாலே வைரஸ் இறங்கிவிடும். இலை பிடிக்காத பூச்சி உடனே அடுத்த செடிக்குப் பறந்து அங்கேயும் ஒரு குத்துக் குத்தும். அதாவது, விருந்தாளியை விரட்டும் முரட்டு இலை நோயைப் பரப்பவும் உதவக்கூடும். இந்த வைரஸைத் தடுக்கச் செல்லுக்குள்ளேயே எதிர்ப்பு இருக்க வேண்டும்.

பூச்சியே வராவிட்டாலும் இரண்டு நோய்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது: நோய் கண்ட கரும்பிலிருந்து வெட்டி நடும் கரணை.