சாமந்தி வைராய்டும் சுத்தியல்தலையும்

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்துச் சாமந்தியில் இலை மஞ்சளாகிறது. வைராய்டாக இருக்குமோ என்கிறார்கள். அதில் புரதமே கிடையாதாமே, அப்புறம் எப்படிப் பெருகுகிறது?"

இலை மஞ்சளாவதற்கு இரும்புச்சத்துக் குறைவு தொடங்கிப் பல காரணங்கள் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காட்டிக் கேளுங்கள். வேலியில் கட்டிய திருஷ்டிப் பூசணிக்கு இதெல்லாம் தெரியாது.

சரி, கேள்விக்கு வருவோம். வைராய்டு என்பது செடிகளுக்கு நோய் தரும், வெறும் ஆர்.என்.ஏ. மட்டுமே ஆன நுண்பொருள். ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வின் உறவுக்காரன்; ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு வேதி 'எழுத்துகள்' வரிசையாகக் கோத்த இழை. சாமந்தியைத் தாக்கும் வைராய்டுகளில் ஒன்று சுமார் 400 எழுத்து கொண்ட ஆர்.என்.ஏ. வளையம், அவ்வளவுதான். செடியின் நொதிகள் (வேதிவினையை விரைவாக்குபவை, வழக்கமாகப் புரதங்கள்) அதைச் சுற்றிச் சுற்றி நகலெடுப்பதால் நகல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நீளச் சரமாக வரும். அதைத் தனித்தனியாக நறுக்குவது அந்த ஆர்.என்.ஏ.வேதான். ஆர்.என்.ஏ.வும் நொதியாக முடியும் என்று காட்டியதற்காக தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் 1989இல் நோபல் பெற்றார்கள். செக் ஆராய்ந்தது குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரியை. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நம் குழு எதுவாவது செக்கின் விண்ணப்பத்தைப் பார்த்திருந்தால் 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று திருப்பி அனுப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

வைராய்டில் இருக்கும் வெட்டும் பகுதிக்குச் சுத்தியல்தலை ரைபோசைம் என்று பெயர்; ரைபோசைம் என்றால் நொதியாக வேலை செய்யும் ஆர்.என்.ஏ. அது வெட்டும் விதம்தான் அழகு. ஆர்.என்.ஏ.வில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சர்க்கரையில் அமர்ந்திருக்கும். அந்த ஒவ்வொரு சர்க்கரையிலும், டி.என்.ஏ.வில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி) உண்டு. அதை ஒட்டியே, அடுத்த சர்க்கரையோடு இணைக்கும் பாஸ்பேட்; அதன் நடுவில் பாஸ்பரஸ். அந்த ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் பாஸ்பரஸைத் தாக்கினால், பாஸ்பரஸ் எதிர்ப்பக்கத்து ஆக்சிஜனைக் கைவிடும், இழை அறும். ஆனால் தாக்கும் ஆக்சிஜன், பாஸ்பரஸ், வெளியேறும் ஆக்சிஜன் மூன்றும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கேரமில் ஸ்ட்ரைக்கரும் காயும் குழியும் நேராக அமைகிற மாதிரி. சாதாரணச் சுருளில் இவை கோணலாகவே இருக்கும். சுத்தியல்தலையின் மூன்று தண்டுகளும் (எழுத்துகள் ஜோடி சேர்ந்த பகுதிகள்) மடிந்து, வெட்டுப்படும் எழுத்தை வெளியே திருப்பி நேராக்கிவிடுகின்றன. 2006இல் வெளியான முப்பரிமாண அமைப்பைப் பாருங்கள்: 12ஆம் எண் குவானின் ('ஜி' எழுத்து), ஹைட்ராக்சிலின் புரோட்டானைப் பிடுங்கத் தோதாக நிற்கிறது, 8ஆம் குவானினின் சர்க்கரை, வெளியேறும் ஆக்சிஜனுக்குப் புரோட்டான் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது.

இந்தச் சுத்தியல்தலையை, வெட்டும் பகுதி வேறு, வெட்டுப்படும் பகுதி வேறு என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் வேறோர் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும். ரைபோசைமின் இரண்டு கைகளும் இலக்கின் எழுத்துகளோடு ஏ–யூ, ஜி–சி என்று ஜோடி சேரும்; இடையில் ஜி-யூ-சி போன்ற மூன்றெழுத்து இருந்தால் அதன் பின்னால் வெட்டு விழும். கை நீளமாக இருந்தால் குறி தப்பாது என்றுதானே தோன்றும்? நடப்பது நேர் எதிர். நீண்ட கை, ஓரெழுத்து பொருந்தாத இழையையும் இறுகப் பிடித்து வெட்டிவிடும். வெட்டிய துண்டையும் விடாது, அடுத்த இலக்கு காத்துக்கிடக்கும். குட்டைக் கையில் பொருந்தாத இழை வெட்டுப்படும் முன்பே நழுவிவிடும்.