விரல் நுனி வலி வேற, மணிக்கட்டு வலி வேற

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், கை, தோள்பட்டை பிரச்சினைகளைத்தான் அதிகமா பாக்குறேன். கிட்டார், வயலின், கீபோர்டு கத்துக்கிறவங்க நிறைய பேர் வர்றாங்க. வயசு என்னவா இருந்தாலும் முதல்ல சொல்றது ஒண்ணுதான்: "புதுசுதானே, பழகப் பழக சரியாயிடும்னு நினைச்சேன்." அப்படி நினைச்சு நினைச்சே நாலு மாசம் ஓட்டிட்டு, பாட்டில் மூடியைத் திறக்கக்கூட முடியாத நிலைமையில வந்து உக்காருவாங்க, எனக்கு அதைப் பாக்கும்போது ரொம்பக் கஷ்டமா இருக்கும்.

பழகினா சரியாகுற வலி ஒண்ணு இருக்கு, இல்லைன்னு சொல்லல. கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி எரியும், சில வாரத்துல அந்த இடத்துல தோல் தடிச்சுடும், அப்புறம் வலிக்காது. அது தோல் வலி. ஆனா மணிக்கட்டு, கட்டைவிரல் அடிப்பக்கம், முன்கை, முழங்கை, கழுத்து, இங்கெல்லாம் வர்ற வலியை வாசிச்சு வாசிச்சுப் பழக்க முடியாது, வாசிக்க வாசிக்க அதிகம்தான் ஆகும்.

ஏன்னா விரலை மடக்குற பெரிய தசைகள் விரல்ல இல்ல, முன்கையில இருக்கு. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகுது. மணிக்கட்டுல உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகலான பாதை, அதுக்குள்ள 9 தசைநாண், கூடவே ஒரு முக்கியமான நரம்பு, இவ்வளவும் நெருக்கியடிச்சுப் போகுது. இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க: மணிக்கட்டை நல்லா உள்பக்கமா மடக்கி வெச்சுக்கிட்டு கையை இறுக்கி மூடுங்க. முழுசா மூட முடியாது, பலமும் இருக்காது. அதே மணிக்கட்டை நேரா வெச்சு மூடுங்க, வித்தியாசம் தெரியும். மணிக்கட்டை மடிச்சே வெச்சு ஒரு மணி நேரம் கிட்டார்ல கார்டு பிடிக்கிறவங்க, அதாவது பல கம்பியை ஒண்ணா அழுத்திப் பிடிக்கிறவங்க, அந்தப் பலமில்லாத நிலையிலதான் கம்பியை அழுத்திக்கிட்டு இருக்காங்க.

கிட்டார் கத்துக்கிற ஒரு காலேஜ் பொண்ணு வந்தாங்க. கிட்டார் கிரேடு எக்ஸாமுக்கு மூணு வாரம்தான் இருந்திருக்கு, தினம் 40 நிமிஷம் வாசிச்சிட்டிருந்தவங்க ஒரே வாரத்துல மூணு மணி நேரத்துக்குப் போயிட்டாங்க. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு, கட்டைவிரலை உள்ள வெச்சு கையை மூடி சுண்டுவிரல் பக்கமா சாய்க்கச் சொன்னதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கிட்டாரைக் கொண்டு வரச் சொல்லி வாசிக்க வெச்சுப் பாத்தேன். கிட்டார் கழுத்துல குறுக்கால பதிச்சிருக்கிற உலோகப் பட்டைதான் ஃப்ரெட், கம்பி அதை விட்டு ரொம்ப உயரமா நின்னுச்சு, அதனால கிட்டாரோட கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால பின்னாடி இருந்து இடுக்கி மாதிரி நசுக்கிப் பிடிச்சிருக்காங்க. கம்பி உயரத்தைக் குறைச்சு, விரலை ஃப்ரெட்டுக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சாலே பாதி அழுத்தம் போதும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையாம். ஏன்னா அவங்க கத்துக்கிட்டது முழுக்க வீடியோ பாத்து. வீடியோவுல சொல்லிக் கொடுக்கிறவங்க கையை நாம பாக்கலாம், நம்ம கையை யார் பாக்குறது?

வாத்தியார்கிட்ட நேர்ல கத்துக்கிறதோட பெரிய பலனே அதுதான்னு நான் நினைக்கிறேன். ஆன்லைன் கிளாஸா இருந்தா கேமராவை விரலுக்கு மட்டும் காட்டாதீங்க, கொஞ்சம் தள்ளி வெச்சு தோள்பட்டை, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தெரியுற மாதிரி வைங்க. சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், போன வாரப் பாடத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி "எங்கயாவது வலிச்சுதா"ன்னு கேளுங்க. கேட்டாத்தான் சொல்லுவாங்க, பிராக்டீஸ் பண்ணாம சாக்கு சொல்றாங்கன்னு நினைச்சுடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே மறைக்கிறவங்க நிறைய.

குழந்தைகள் விஷயத்துல அளவு ரொம்ப முக்கியம். வயலின் 1/16ல இருந்து 1/8, 1/4, 1/2, 3/4னு படிப்படியா வருது, வளர்ற பிள்ளைதானேன்னு எடுத்த உடனே முழு அளவு வாங்கிக் கொடுத்துடாதீங்க, தோளைத் தூக்கிக் கழுத்தைச் சாய்ச்சே பழகிடும். பியானோ ஸ்டூல்ல காலு தொங்கிட்டிருந்தா கீழ ஒரு பலகை போடுங்க.

வலியே இல்லாம வர்ற பிரச்சினையும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். லியான் ஃபிளைஷர்னு அமெரிக்காவோட பெரிய பியானோ கலைஞர், 1960கள்ல அவரோட வலது கையில மோதிர விரலும் சுண்டுவிரலும் தன்னால உள்ள மடங்க ஆரம்பிச்சுது. ஃபோகல் டிஸ்டோனியா, அதாவது விரலை இயக்குற மூளையோட கட்டுப்பாடு குழம்பிப் போறது. பல வருஷம் இடது கைக்குன்னு எழுதின இசையை மட்டும் வாசிச்சாரு, 1990கள்ல தசையைத் தளர்த்துற போடாக்ஸ் ஊசி சிகிச்சைக்கு அப்புறம்தான் ரெண்டு கையாலயும் திரும்ப வாசிக்க முடிஞ்சுது. இது எல்லாருக்கும் வர்றதில்ல, அபூர்வம்தான். ஆனா வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் சொன்ன பேச்சு கேக்கலைன்னா, இன்னும் கடுமையா பிராக்டீஸ் பண்ணி அடக்கப் பாக்காதீங்க, நரம்பியல் டாக்டரைப் பாருங்க.

மறுநாள் காலையிலயும் வலி இருந்தா, ராத்திரி கை மரத்துப் போய் முழிப்பு வந்தா, கையில இருந்து சாமான் நழுவினா, இதுக்கெல்லாம் தைலம் தேய்ச்சு நாள் கடத்த வேண்டாம். பிராக்டீஸை நீட்டணும்னா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டுங்க, 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை வாத்தியத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்திரிங்க.

அந்தப் பொண்ணு எக்ஸாமைத் தள்ளி வெச்சாங்க, ரொம்ப அழுதாங்க அன்னைக்கு. கட்டைவிரல் அசையாம இருக்க ஸ்பிளிண்ட்னு ஒரு பட்டை போட்டிருந்த நாட்கள்ல வாசிக்கலையே தவிர தாளம் போட்டுக்கிட்டு, நோட்ஸைப் படிச்சு மனசுக்குள்ளயே விரல் வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. திரும்ப ஆரம்பிச்சது நாளுக்கு 10 நிமிஷத்துல. அடுத்த தடவை எக்ஸாமுக்கு அந்தக் கிட்டாரோடதான் போனாங்க, கம்பியை இறக்கி வெச்சு.