வைரஸ் இருக்கிறது, சரி, விழித்திருக்கிறதா?

போன வருடம் ஒரு மதியம் லேப் வாசலில் ஒரு கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 38 வயது. கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது. ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’ என்ற வரியை யாரோ பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். டெஸ்ட் எடுத்த இடத்தில் விளக்கமாக எதுவும் சொல்லவில்லையாம்.

“மேடம், இது கேன்சர்தானே?” என்றார். கணவருக்கு வேறு கேள்வி. “இது எப்படி மேடம் வந்துச்சு?” கேட்ட தொனியே சரியில்லை.

அதனால் அவருக்குத்தான் முதலில் பதில் சொன்னேன். எச்.பி.வி. என்பது தாம்பத்திய உறவில் பரவும் வைரஸ். இதன் சில வகைகள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்து போகும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கவும் செய்யும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

மனைவியின் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும். திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. வைரஸ் இருப்பது ஒன்று, அதன் எந்த மரபணு வேலை செய்கிறது என்பது வேறொன்று. நான் ஸ்லைடில் தேடுவது இரண்டாவதைத்தான்.

எச்.பி.வி.யின் டி.என்.ஏ.வில் சுமார் 8,000 எழுத்துகள்தான். நம்முடையதில் 300 கோடி. அந்தச் சின்ன சரக்கில் ஆபத்தானவை ஈ6, ஈ7 என்ற இரண்டு மரபணுக்கள். செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் பி53 புரதத்தை ஈ6 அழிக்கிறது, ஆர்பி புரதத்தை ஈ7 முடக்குகிறது. ஆனால் ஈ2 என்று வைரஸின் இன்னொரு புரதம், இந்த இரண்டுக்குமான ஸ்விட்சின் மேல் உட்கார்ந்து அவற்றை அடக்கியே வைத்திருக்கும். வைரஸுக்கும் அதுதான் லாபம். செல் புற்றாகிவிட்டால் அங்கே புது வைரஸ் உருவாகாது.

சிக்கல் எப்போது என்றால், ஈ2 உட்காரும் இடத்தில் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும்போது. ஈ2வால் அங்கே உட்கார முடியாது. ஈ6, ஈ7 அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. இதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம். இன்னொரு வழியும் உண்டு: வைரஸ் டி.என்.ஏ. உடைந்து நம் டி.என்.ஏ.வோடு ஒட்டும்போது ஈ2 சிதைந்து போவது.

ஹென்றியேட்டா லாக்ஸின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து 1951-இல் எடுத்த ஹீலா செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பது எச்.பி.வி.யின் 18-ஆம் வகை. அந்தச் செல்களுக்குள் ஈ2வைத் திரும்ப வைத்தால் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன! படிக்கும் காலத்தில் இதைக் கேட்டு வாயடைத்துப் போனேன்.

சந்தேகமான பயாப்ஸி (பரிசோதனைக்கு வெட்டியெடுத்த சதைத்துணுக்கு) வந்தால் பி16 என்ற புரதத்துக்குச் சாயம் போடுவோம். சாதாரணமாக அதற்கான மரபணு, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் உள்ள ஒரு பூட்டினால் மூடிக்கிடக்கும். ஈ7 அந்தப் பூட்டைக் கழற்ற வைக்கிறது. பி16 குவிகிறது; ஸ்லைடில் அடி அடுக்கிலிருந்து மேலே வரை காப்பிப்பொடி நிறத்தில் பட்டையாகத் தெரியும். பி16 உண்மையில் செல் பெருகுவதைத் தடுக்கும் பிரேக். ஆனால் அது ஆர்பி வழியாகத்தான் பிடிக்கும். ஆர்பியை ஈ7 ஏற்கெனவே முடக்கியாகிவிட்டது. ஒயர் அறுந்த சைக்கிளில் பிரேக்கை எவ்வளவு அழுத்தி என்ன? அந்தப் பட்டையைப் பார்த்தால் ஈ7 விழித்துக்கொண்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது, அதிக ஆபத்தான 16, 18 வகைகள் அல்ல. கர்ப்பப்பை வாய்ச் செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் இயல்பாக இருந்தது. பெரும்பாலான தொற்றுகளை இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். பயாப்ஸி தேவையில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள் என்றேன்.

“எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்காமே, அத இப்பவே எனக்குப் போட்டுடுங்க மேடம்” என்றார் அந்தப் பெண்.

நியாயமான ஆசைதான். ஆனால் அந்த ஊசி, வைரஸின் எல்1 என்ற மேலோட்டுப் புரதத்துக்கு எதிராக உடம்பைத் தயார் செய்வது. தொற்று வேரூன்றியிருக்கும் அடி அடுக்குச் செல்களில் எல்1 மரபணு அணைந்தே கிடக்கும். மேலடுக்குக்கு வந்தபின்தான் வேலை செய்யும். அடியில் ஒளிந்திருப்பதை, ஊசியால் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் எதைப் பார்த்துப் பிடிக்கும்? ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி விரட்டாது. வீட்டில் 12 வயது மகள் இருப்பதாகச் சொன்னார். அவளுக்குப் போடுங்கள், 9 முதல் 14 வயதுதான் சரியான பருவம் என்றேன். ஊசி போட்டவர்களும் முப்பதுக்கு மேல் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும்.

இந்த வருடம் சொன்ன மாதத்தில் வந்தார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் முகம் இன்னும் தெளியவில்லை.

“நெகட்டிவ்னு போட்டிருக்கே மேடம். நெகட்டிவ்னா நல்லதா, கெட்டதா?”

பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ‘வைரஸ் தென்படவில்லை’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன்.