டீக்கனஸ்: பெண் திருத்தொண்டர்

டீக்கனஸ் என்ற சொல்லைத் தமிழாக்கும்போது ‘கன்னியர்’, ‘ஊழியக்காரி’, ‘போதகரின் துணைவி’ என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். பழைய திருச்சபையில் பெண்களுக்கென்று இருந்த ஒரு பதவியின் பெயர் இது. மேற்சொன்ன மூன்றிலும் அந்தப் பதவி காணாமல் போய்விடுகிறது.

மூலச்சொல் கிரேக்கத் ‘தியாகொனோஸ்’. பந்தியில் பரிமாறுபவர், ஏவலை முடித்துக் கொடுப்பவர், தூது போகிறவர் என்று பொருள். ‘திய’ (ஊடாக), ‘கொனிஸ்’ (தூசி) இரண்டும் சேர்ந்து ‘தூசி பறக்க ஓடுபவர்’ ஆயிற்று என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஒலியியல் இடம் கொடுக்கவில்லை: முன்னொட்டில் ‘ய’ குறில், தியாகொனோஸில் ‘யா’ நெடில்.

தியாகொனோஸ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். ரோமர் 16:1-இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் அழைப்பது இந்தச் சொல்லால்தான். ‘தியாகொனிஸ்ஸா’ என்ற தனிப் பெண்பால் வடிவம் பிறகு வந்தது. 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 19ஆம் விதியில் அதைப் பார்க்கலாம். அது லத்தீன், ஆங்கிலம் வழியாக நம்மிடம் ‘டீக்கனஸ்’ ஆகிவிட்டது.

இந்தப் பதவி ஏன் தேவைப்பட்டது என்பது ஞானஸ்நானச் சடங்கைப் பார்த்தால் புரியும். அன்று பெரும்பாலும் வளர்ந்தவர்கள்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆடை களைந்து, உடல் முழுதும் எண்ணெய் பூசிக்கொண்டு நீரில் இறங்க வேண்டும். 3ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுதப்பட்ட ‘திதஸ்காலியா’ என்ற திருச்சபை ஒழுங்கு நூல் இதை வரிசையாகச் சொல்கிறது. பெண்ணின் தலையில் எண்ணெய் பூசுபவர் ஆயர். உடலில் பூசுபவர் பெண் தொண்டர், அதாவது டீக்கனஸ். நீரின்மேல் திருப்பெயர்களை மொழிபவர் ஆண். கரையேறுகிறவளைக் கைநீட்டி வரவேற்று, இனி எப்படி வாழ வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது மறுபடி பெண் தொண்டரின் வேலை. ஆண் தொண்டர் (டீக்கன்) நுழைந்தால் பழிச்சொல் வரக்கூடிய வீடுகளுக்கும், நோயுற்ற பெண்களிடமும் போக வேண்டியவர் இவரே.

சுமார் 380இல் தொகுக்கப்பட்ட ‘அப்போஸ்தலர் ஒழுங்குகள்’ என்ற திருச்சபை விதித் தொகுப்பு இவரது வேலையையும் எல்லையையும் சேர்த்தே வகுக்கிறது. பெண்கள் நுழையும் வாசலில் நிற்க வேண்டும். இவர் உடன் வராமல் எந்தப் பெண்ணும் ஆயரிடமோ ஆண் தொண்டரிடமோ போகக் கூடாது. ஆனால் இவர் ஆசி வழங்கக் கூடாது. மூப்பர், தொண்டர் ஆகியோரின் பணி எதையும் செய்யக் கூடாது. பெண்ணின் உடலை ஆண் தொடலாகாது என்ற கட்டுப்பாடுதான் பெண்ணுக்கு ஒரு பதவியைக் கொடுத்தது. குழந்தை ஞானஸ்நானம் பெருகி அந்தத் தேவை குறைந்ததும் பதவியும் தேய்ந்தது.

கிழக்கில் அது நெடுநாள் நின்றது. 451இல் கல்செதோன் சங்கத்தின் 15ஆம் விதி, 40 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு இந்தப் பட்டம் (ஆயர் கைவைத்துப் பதவியில் அமர்த்துதல்) கூடாது, பட்டம் பெற்றபின் மணந்தால் இருவருக்கும் சாபம் என்றது. 535இல் யுஸ்தினியான் பேரரசர் கொன்ஸ்தாந்திநோபிளின் பெரிய ஆலயத்துக்கு வகுத்த எண்ணிக்கையில் 60 குருக்கள், 100 ஆண் தொண்டர்கள், 40 பெண் தொண்டர்கள். மேற்கில் 441இலேயே இன்றைய பிரான்சின் ஓரஞ்சு நகரில் கூடிய சங்கம் பெண் தொண்டர்களுக்குப் பட்டமே தரக் கூடாது என்று முடித்துவிட்டது.

பிசாந்தியத்தின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், பட்டச் சடங்கு 8ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியொன்றில் கிடைக்கிறது. பீடத்தின் முன் ஆண் முழந்தாளிடுவார். பெண் தலையை மட்டும் தாழ்த்துவார். ஆயர் கைவைத்துச் சொல்லும் செபத்தில் பெபேயாளின் பெயர் வருகிறது. ஆண் இடத்தோளில் தொங்கவிடும் ஓராரியோன் துகிலைப் பெண்ணுக்கு முக்காட்டின் உள்ளே கழுத்தைச் சுற்றி இட்டு, இரு முனைகளையும் முன்னால் விடுவார்கள். நற்கருணை பெற்றபின் ஆயர் இரசக் கிண்ணத்தை அவர் கையில் கொடுப்பார். அவர் அதை வாங்கிப் பீடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும், மக்களுக்குப் பகிரக் கூடாது. கிண்ணம் கைக்கு வந்து அப்படியே திரும்பிவிடும் இந்த இடத்தைத்தான் பெண்களுக்கு இந்தப் பட்டம் வேண்டும், கூடாது என்று வாதிடும் இரு தரப்பாரும் இன்றும் தங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

12ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்ட உரையாசிரியர் பல்சமோன், பெண் தொண்டர்கள் முன்பு பீடத்தை அணுகியதாகவும் மாதவிலக்குத் தீட்டு அவர்களை விலக்கியதாகவும் எழுதினார். ஆனால் திதஸ்காலியாவோ, மாதவிலக்கு நாட்களில் தூய ஆவி விலகிவிடுவதில்லை, செபத்தையும் நற்கருணையையும் விட்டு ஒதுங்க வேண்டாம் என்று பெண்களுக்கு அழுத்திச் சொல்லியிருந்தது. ‘ஆதிமுதல் இதுவே மரபு’ என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இனித் தமிழ்ச்சொல். பழைய தமிழ் வேதாகமம் பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்கிறது. பிலிப்பியர் 1:1-இல் அதே கிரேக்கச் சொல்லின் பன்மை ‘உதவிக்காரர்’ ஆகிறது. இரண்டும் ஒரே சொல் என்று தமிழ் வாசகருக்குத் தெரிய வழியில்லை. ‘உதவிக்காரி’ என்று சமன்செய்தால் வீட்டு வேலைக்கு வருபவர் போல் ஒலிக்கும். கத்தோலிக்க வழக்கிலுள்ள ‘திருத்தொண்டர்’ இங்கே தோதானது. வெறும் ‘தொண்டர்’ என்றால் கட்சிக்காரர் நினைவுக்கு வருவார், அதனால் ‘திரு’ வேண்டும். ‘திருத்தொண்டி’ என்று விகுதி மாற்றத் தேவையில்லை. சைவத்தில் காரைக்கால் அம்மையாரும் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் திருத்தொண்டர் வரிசையில்தான் இருக்கிறார்கள். தியாகொனோஸ் போலவே இந்தச் சொல்லும் இருபாலுக்கும் பொது. ஆகவே பெபேயாள் ‘திருத்தொண்டர்’. பாலைச் சுட்டியாக வேண்டிய சட்ட, வரலாற்று இடங்களில் ‘பெண் திருத்தொண்டர்’.

எல்லா டீக்கனஸும் இதில் அடங்கார். 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் ஃப்லீட்னர் என்ற போதகர் தொடங்கிய சீர்திருத்தச் சபை டீக்கனஸ்கள் நோயாளிகளைப் பேணவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் அமைந்தவர்கள். அவர்களை ‘டீக்கனஸ் சகோதரிகள்’ என்றே விட்டுவிடலாம். கிரேக்கச் சபைகளில் திருத்தொண்டரின் மனைவியையும் தியாகொனிஸ்ஸா என்பார்கள். அங்கே ‘திருத்தொண்டரின் மனைவி’ என்று விரித்தெழுத வேண்டும். 1 தீமோத்தேயு 5:9 சொல்லும் 60 வயது விதவைகள் வேறொரு பட்டியல்.

செய்தி எழுதுகிறவர்கள் கவனிக்க: 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டம் 230ஐ மாற்றிப் பெண்களுக்குத் திறந்துவிட்டவை வாசகர் (வழிபாட்டில் மறைநூல் வாசிப்பவர்), பீடப்பணியாளர் என்ற பணிகள். திருத்தொண்டர் பட்டம் அதில் சேராது. பட்டத்தை ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டுமே செல்லத்தக்க முறையில் பெற முடியும் என்ற 1024ஆம் சட்டம் அந்த மாற்றத்தில் தொடப்படவில்லை.