நுண் என்றால் எத்தனை நுண்?

மொழிபெயர்ப்பு ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். தலைப்பு: 'குளிர்நிலையில் நுண்படிக வைரப் படம் வளர்த்தல்'. 'ஃபிலிம்' படமாகியிருக்கிறது; அந்தப் படத்தில் யார் கதாநாயகன் என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். என்னை எழுதவைத்தது, மூலத்தின் 'நானோ' இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த அந்த 'நுண்'. அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

பொருள் இதுதான். ஹைட்ரஜனில் சிறிதளவு மீத்தேன் கலந்து பிளாஸ்மாவாக்கினால், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாக்கினால், சிலிக்கன் வில்லையின் மேல் கார்பன் வைரமாகப் படியும். படிந்த படிகமணிகள் 100 நானோமீட்டருக்கும் சிறியவையாக இருந்தால் அது நானோபடிக வைரப் படலம். நானோ, கிரேக்கத்தில் குள்ளன். 1960இல் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாகப் பன்னாட்டு அலகு முறையில் ஏறியது. படலம், படர்ந்து மூடுவது. கண்ணில் படலம் விழுந்தது என்று பாட்டிமார் சொல்வார்களே, அதே சொல்.

இனி 'நுண்' விவகாரம். அந்தச் சொல் எப்போதோ மைக்ரோவுக்கு வாக்கப்பட்டுவிட்டது. நுண்ணோக்கி, நுண்ணுயிர், நுண்ணலை எல்லாம் மைக்ரோதான். வைரப் படலத் துறையில் மைக்ரோ வேறு, நானோ வேறு. மைக்ரோ வகையில் படலம் தடிக்கத் தடிக்க மணிகளும் பருத்துக்கொண்டே போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் கற்கண்டைக் கொட்டியதுபோல் மேற்பரப்பு முனைமுனையாக நிற்கும். நானோ வகையில் ஒரு மணி பருக்குமுன் அதன்மேல் இன்னொன்று முளைத்துவிடும். அதனால் பரப்பு வழவழப்பாக அமையும். மீத்தேன் பங்கைக் கூட்டினால் முதல் வகை இரண்டாம் வகைக்கு மாறும். நம் மொழிபெயர்ப்பாளர் இதை எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? 'நுண்படிகப் படலம் நுண்படிகப் படலமாக மாறுகிறது.' அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

நானோவுக்கு 'மீநுண்' என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 2 முதல் 5 நானோமீட்டர் மணிகளாலான படலத்தை வளர்த்து, அதற்கு 'அல்ட்ரா நானோபடிக' என்று பெயரும் இட்டுவிட்டார்களே, அது என்ன, மீமீநுண்ணா?

நானோ தமிழில்லையே என்பது அடுத்த வாதம். வைரம் வஜ்ரத்தின் வழி வந்தது, படிகம் ஸ்படிகத்தின் வழி. படலத்தையும் வடசொல் என்றே அகராதிகள் குறிக்கின்றன. மூன்று பேரைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு நான்காமவனை மட்டும் வாசலில் நிறுத்துவானேன்? இத்தனைக்கும் இதே மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரி தள்ளி 'நானோமீட்டர்' என்று கூசாமல் எழுதுகிறார். அலகில் வந்தால் தீட்டில்லை போலிருக்கிறது.

'குளிர்நிலை' இதைவிட மோசம். வைரப் படலம் வழக்கமாக வளர்வது 700 முதல் 900 பாகை செல்சியஸில். கண்ணாடி அந்தச் சூட்டில் இளகிவிடும், அலுமினியமோ 660இலேயே உருகிவிடும். அவற்றின்மேலும் வைரம் பூச வேண்டும் என்பதால்தான் 400க்குக் கீழே இறக்கப் பாடுபடுகிறார்கள். அந்தக் 'குளிரில்' ஈயம் உருகி ஓடும்! தாழ்வெப்பநிலை என்று எழுதினால் கை வலிக்குமா? மூலத்தில் எண் அருகிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான் வரும்.

'தாழ்வெப்பநிலையில் நானோபடிக வைரப் படலம் வளர்த்தல்' என்று திருத்தி அனுப்பினேன். அச்சில் வந்ததைப் பார்த்தேன்: 'படம்' மட்டும் 'படலம்' ஆகியிருந்தது.