ஓஏபி (முதியோர் பென்ஷன்) பணத்துல டெல்லி பங்கு 200 ரூபா: எம்பி கேள்வி கேட்டா என்ன நடக்கும்?

பார்லிமென்ட் கூடுற நேரமெல்லாம் ஏதாவது ஒரு எம்பி இத கேட்டுடுவாரு, முதியோர் பென்ஷன் 200 ரூபாய எப்போ ஏத்துவீங்கன்னு. நம்ம ஊர்ல இத கேள்விப்பட்டா குழப்பம் தான் வரும், பாட்டிக்கு 1200 வருதே, இது என்ன 200 கணக்குன்னு. அந்த 1200 ரெண்டு சர்க்கார் பாக்கெட்ல இருந்து வர்ற பணம். எது யார் பாக்கெட்னு தெரியாம எம்எல்ஏகிட்ட கேக்க வேண்டியத எம்பிகிட்டயும், எம்பிகிட்ட கேக்க வேண்டியத விஏஓகிட்டயும் கேட்டுட்டு இருக்கோம், அதனால தான் இந்த பதிவு.

டெல்லி பக்கம், அதாவது மத்திய அரசுல, இதுக்கு பேரு தேசிய சமூக உதவித் திட்டம். 1995 ஆகஸ்ட் 15ல நரசிம்மராவ் காலத்துல ஆரம்பிச்சது, அப்போ 65 வயசு தாண்டின ஏழைகளுக்கு மாசம் 75 ரூபா. அப்புறம் அது 200 ஆச்சு, 2007ல இந்திரா காந்தி பேரு வெச்சாங்க, 2011ல வயச 65ல இருந்து 60க்கு இறக்கினாங்க, 80 தாண்டினவங்களுக்கு மட்டும் 500 ஆக்கினாங்க. விதவை பென்ஷன், மாற்றுத்திறனாளி பென்ஷன் ரெண்டும் 2012ல 300 ஆச்சு. அதோட நின்னுது. கட்சி மாறுச்சு, பிரதமர் மாறுனாரு, நோட்டே மாறிப்போச்சு, 60ல இருந்து 79 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு டெல்லி பங்கு அதே 200 தான். இன்னிக்கு 200 ரூபாய்க்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கூட கிடைக்காது.

நம்ம மாநிலத்துல 2023ல தான் 1000த்த 1200 ஆக்கினாங்க. டெல்லி லிஸ்ட்ல பேர் இருக்குற 70 வயசு பாட்டிக்கு அந்த 1200ல 200 டெல்லி, 1000 மாநிலம். அவங்களுக்கே 80 ஆயிட்டா டெல்லி 500 குடுக்கும், மாநிலம் 700 போடும், ஆனா கைக்கு வர்ற தொகை மாறாது, அதனால தான் டெல்லி பங்கு கூடினதே பல பேருக்கு தெரியாது. ஆதரவற்ற விதவை, கணவனால் கைவிடப்பட்டோர், 50 வயசு தாண்டியும் கல்யாணம் ஆகாத ஏழைப் பெண்கள் இதுக்கெல்லாம் மாநிலமே தனியா முழு பணத்தையும் குடுக்குற திட்டங்களும் இருக்கு, அதுல டெல்லிக்கு ஒரு பைசா சம்பந்தம் கிடையாது.

இப்போ கேள்வி விஷயத்துக்கு வருவோம். மக்களவையில காலைல 11 மணிக்கு கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு நட்சத்திரக் குறி போடுவாங்க, அதுக்கு மந்திரி எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும், கேட்ட எம்பி அங்கயே துணைக் கேள்வியும் கேக்கலாம். நட்சத்திரம் இல்லாதது 230, அதுக்கு எழுத்துல மட்டும் பதில் வரும். எம்பி குறைஞ்சது 15 நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும், எது நட்சத்திரத்துக்கு போகும்ங்குறது குலுக்கல்ல முடிவாகும். அந்த 20லயும் அவை அமளியில்லாம நடந்தாத் தான் ஒரு சிலது பேச்சுக்கு வரும், மத்ததுக்கெல்லாம் எழுத்து பதில் தான். எனக்கு கேட்டா எழுத்து பதில் தான் நமக்கு லாபம், டிவில வராது, ஆனா மாநில வாரியா அட்டவணை இணைப்போட வரும், சன்சத்ங்குற பார்லிமென்ட் இணையதளத்துல யார் வேணா எடுத்து படிக்கலாம்.

படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். பென்ஷன ஏத்துவீங்களான்னு கேட்டா வழக்கமா வர்ற பதில், இப்போதைக்கு அப்படி ஒரு முன்மொழிவு இல்லங்குறது. கூடவே, மாநிலங்களும் குறைஞ்சது அதே அளவு பணம் சேர்த்து குடுக்கணும்னு ஊக்கப்படுத்துறோம்னு ஒரு வரி இருக்கும். இந்த 'முன்மொழிவு இல்ல' இருக்கு பாருங்க, அது மந்திரிக்கு ரொம்ப பத்திரமான பதில். அவர் தப்பித்தவறி 'பரிசீலனையில இருக்கு'ன்னோ 'தகவல் சேகரிச்சு அவையில வைக்கிறோம்'னோ சொல்லிட்டா அது அவையில மந்திரி குடுத்த வாக்குன்னு உறுதிமொழிக் கணக்குல சேர்ந்துடும், 3 மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், இல்லன்னா அவகாசம் கேட்டு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதணும், அந்த குழு அதிகாரிய கூப்பிட்டு என்னப்பா ஆச்சுன்னு கேக்கும். இல்லன்னு சொல்லிட்டா யாரும் எதுவும் கேக்க முடியாது. ஊரக வளர்ச்சிக்கான பார்லிமென்ட் நிலைக்குழு இந்தத் தொகைய ஏத்துங்கன்னு திரும்பத் திரும்ப பரிந்துரை பண்ணியிருக்கு, அதுக்கும் நிலைமை இது தான்.

அதனால எம்பிகிட்ட மனு குடுக்குறவங்க ஏத்துவீங்களா மாட்டீங்களான்னு கேக்க சொல்லாதீங்க, அதுக்கு ஒரே வரில முடிச்சிடுவாங்க. இதுல நிஜமான முடிச்சு வேற எடத்துல இருக்கு. எத்தன பேருக்கு குடுக்கலாம்னு டெல்லி ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு, நாடு முழுக்க எல்லா வகையும் சேத்து சுமார் 3.09 கோடி பேர். இந்த எண்ணிக்கை 2001 மக்கள்தொகையையும் 2004-05 வறுமைக் கணக்கையும் வெச்சு போட்டது. அதுக்கப்புறம் எத்தன பேருக்கு 60 ஆயிருக்கும்? வரம்பு நிரம்பிட்டா டெல்லி லிஸ்ட்ல ஒருத்தர் பேரு போனாத்தான் இன்னொருத்தர் பேரு ஏறும், இல்லன்னா மாநிலம் தன் கைக்காச போடணும். 2025-26 பட்ஜெட்ல மொத்த திட்டத்துக்கும் ஒதுக்கினது 9652 கோடி, முந்தின வருஷமும் அதே 9652 கோடி, ஆளும் ஏறல ரேட்டும் ஏறல, அப்புறம் ஒதுக்கீடு எப்படி ஏறும். ஆக கேக்க வேண்டியது, தமிழ்நாட்டோட வரம்பு எவ்வளவு, இப்போ எத்தன பேர் வாங்குறாங்க, பழைய கணக்க விட்டுட்டு புதுக் கணக்குக்கு எப்போ மாத்துவீங்க, கடைசி தவணை மாநிலத்துக்கு எந்த தேதில விட்டீங்க. இப்படி கேட்டா பதில்ல நம்பரும் தேதியும் வந்தே ஆகணும், தகவல் கையில இல்லன்னா சேகரிக்கிறோம்னு சொல்லணும், மேல சொன்ன உறுதிமொழி வலையில விழணும்.

இன்னொன்னு, மாநிலம் தர்ற 1000த்த ஏத்த சொல்லி மக்களவையில கேள்வி போட முடியாது, மத்திய அரசு பொறுப்புல இல்லாத விஷயத்த அங்க ஏத்துக்கவே மாட்டாங்க. அது நம்ம சட்டமன்றத்துல எம்எல்ஏ கேக்க வேண்டியது, சபாநாயகர் திருக்குறள் வாசிச்சு முடிச்சதும் தொடங்குற கேள்வி நேரத்துல, இல்லன்னா வருவாய்த் துறை மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கான பண ஒதுக்கீட்ட விவாதிக்கிற நாள்) அன்னிக்கு. அங்கயும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டம் மாவட்டமா ஆய்வுக்கும் வருவாங்க. உங்க ஊருக்கு வர்ற செய்தி பேப்பர்ல பாத்தா சும்மா விடாதீங்க.

ஆனா உங்க வீட்டு ஆயாவோட மனு தள்ளுபடி ஆச்சுன்னா அதுக்கு எம்பி கேள்வி மருந்து இல்ல, தனி ஆள் கேஸுக்கு அவையில பதில் வராது. இ-சேவைல போட்ட மனு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) தாண்டி சமூக பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார்கிட்ட போகும், அங்க என்ன காரணம் எழுதி தள்ளுபடி பண்ணாங்கன்னு எழுத்துல வாங்குங்க, வாங்கிட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல அதையும் சேத்து வெச்சு மனு குடுங்க. மகன் இருக்கான்னு ஒரு வரி எழுதி தள்ளுபடி பண்றது சர்வ சாதாரணம், மகன் சோறு போடுறானான்னு யாரும் எழுத மாட்டாங்க. காரணத்த கையில வாங்காம வாய்ப் பேச்சுக்கு திரும்பி வந்துடாதீங்க.

கடைசியா, இதே திட்டத்துக்குள்ள பல பேருக்கு தெரியாத ஒரு பகுதி இருக்கு, குடும்ப உதவி. வறுமைக் கோட்டுக்கு கீழ உள்ள வீட்டுல சம்பாதிக்கிற ஆள் 18ல இருந்து 59 வயசுக்குள்ள இறந்துட்டா ஒரே தடவையா 20,000 ரூபா. விபத்துல தான் இறக்கணும்னு இல்ல, நோயில போனாலும் உண்டு. இதுல முக்கியம் என்னன்னா, வேலைக்கு போகாம வீட்ட பாத்துக்கிட்ட அம்மா இறந்தாலும் இந்தப் பணம் உண்டு, வீட்டைக் கவனிக்கிற பொம்பளையும் குடும்பத்த தாங்குறவங்க தான்னு வழிகாட்டுதல்லயே இருக்கு. அவங்க சம்பாதிக்கலயேன்னு தாலுகா ஆபீஸ்ல யாராவது திருப்பி அனுப்புனா இத சொல்லுங்க. இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் இதெல்லாம் எடுத்துட்டு போங்க, வேற என்ன வேணும்னு அங்கயே கேட்டுக்கோங்க.